புது மூட்டு: மடக்குவதற்கு முன் நீட்டுங்கள்

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள், பழப் பையைக் கீழே வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இப்ப எவ்வளவு மடங்குது?" என்பதுதான். எதிர்வீட்டுக்காரருக்கு மூன்றாவது வாரமே 120 டிகிரி மடங்கியதாம் என்று கூடவே ஒரு செய்தியும் வரும். "நீட்டினா நேரா வருதா?" என்று யாரும் கேட்பதில்லை. நடை திரும்புமா, நொண்டல் தங்குமா என்பதோ அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது.

சமதரையில் நடக்க முட்டி 65, 70 டிகிரி மடங்கினாலே போதும். படி ஏறி இறங்க 90-ஐ ஒட்டி வேண்டும். சாதாரண நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ 100-ஐ ஒட்டி வேண்டும். இவையெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கிடைத்துவிடுகிறவை. ஆனால் ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையைத் தொடும் நேரத்தில் முட்டி ஏறக்குறைய நேராக இருந்தாக வேண்டும். பத்து டிகிரி குறைந்தால்கூட அந்தக் கால் குட்டையான கால் போல நடந்துகொள்ளும். நிற்கும்போதும் தொடை முன்தசைக்கு ஓய்வு கிடைக்காது. இடுப்பு சாயும், நடு முதுகு வரை வலிக்கும், மிச்சமிருக்கும் பழைய முட்டி கூடுதல் பாரத்தைச் சுமக்கும். மடக்கம் ஆறு மாதம், ஒரு வருடம் வரைகூட மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வரும். நீட்டம் அப்படியில்லை. முதல் ஆறு வாரத்தில் விட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு.

கீழே சொல்வது, முழு எடையையும் காலில் ஊன்றலாம் என்று டாக்டர் அனுமதித்த வழக்கமான முட்டி மாற்றுக்கு. எலும்பு முறிவு, இரண்டாம் முறை மாற்று, எலும்பு ஒட்டு என்று ஏதாவது இருந்து உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு மாதிரி எழுதியிருந்தால், அதுவே உங்களுக்குச் சட்டம்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் வீட்டில் முடிக்க வேண்டியவை

கட்டிலும் நாற்காலியும் உட்காருபவரின் முட்டி மடிப்பு உயரத்துக்கோ, அதைவிட இரண்டு விரல் கூடவோ இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 50 செ.மீ. சரியாக வரும். தாழ்வான கட்டில் என்றால் கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். செங்கல் அடுக்காதீர்கள், நழுவும். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம். கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி எழும்போது பின்னால் சறுக்கும். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறது என்றால் சுவரில் முதுகு முட்டும்படி போடுங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளை ஒட்டிய சர்ஜிக்கல் கடைகளில் வாக்கரும் கமோடு நாற்காலியும் மாத வாடகைக்குக் கிடைப்பதுண்டு. குளியலறை வாசல் நிலைப்படியைக் கவனியுங்கள். வாக்கரின் முன்கால் தட்டும் இடம் அதுதான். மிதியடி, தரை விரிப்பு, நடுவில் ஓடும் டேபிள் ஃபேன் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அடிக்கடி தேவைப்படும் சாமான்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றே தொடைப் பயிற்சியைத் தொடங்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே பழகிய பயிற்சியை, ஆபரேஷன் வலியுள்ள காலத்தில் உடம்பு எளிதாக ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

தலையணை என்கிற எதிரி

ஆபரேஷன் ஆன முட்டி பாதி மடங்கிய நிலையில்தான் சுகமாக இருக்கும். உள்ளே நீர் கோத்திருப்பதால் அந்த நிலையில் அழுத்தம் குறைவு. அதனால் பாசமுள்ள யாரோ ஒருவர் முட்டிக்கடியில் தலையணையைச் சொருகுவார். இரவு முழுவதும் அப்படியே கிடக்கும். பத்து நாள் இப்படிப் போனால் முட்டியின் பின்பக்கத் தசையும் மூட்டு உறையும் அந்த வளைவிலேயே சுருங்கிக்கொள்ளும். மூன்றாவது வாரம் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) வந்து நீட்டச் சொன்னால் உயிர் போகும்.

தலையணை வைக்கலாம், ஆனால் இடம் மாறவேண்டும். கெண்டைக்காலின் பாதியிலிருந்து குதிகால் வரை தாங்கும்படி வையுங்கள். முட்டிக்கடியில் காற்றோட்டமாக வெற்றிடம் இருக்கட்டும். வீக்கம் குறைய கணுக்கால் நெஞ்சைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டு தலையணை தேவைப்படும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது இதற்கு ஈடாகாது. அதில் கால் இடுப்பு உயரத்துக்குக்கூட வருவதில்லை.

முதல் இரண்டு வாரத்தின் ஐந்து பயிற்சிகள்

வலி மாத்திரை சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சி செய்யுங்கள். மாத்திரையைத் தவிர்ப்பதில் வீரம் எதுவும் இல்லை. வலியில் இறுகிய தசை நீளவும் செய்யாது, மடங்கவும் செய்யாது. டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும். சுகரும் பிரஷரும் உள்ளவர்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

முதலாவது கணுக்கால் ஆட்டம். பாதத்தை முகத்தை நோக்கி முழுக்க இழுத்து, பிறகு முழுக்கக் கீழே தள்ளுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இருபது முறை. கெண்டைத்தசை இறுகித் தளரும்போதுதான் காலிலிருந்து ரத்தம் மேலேறும். ரத்தக்கட்டி உண்டாகாமல் தடுக்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. டிவி பார்த்தபடி கால்விரலை மட்டும் ஆட்டினால் கணக்கில் சேராது.

இரண்டாவது தொடை இறுக்கம். எல்லாவற்றிலும் முக்கியமானது, எல்லோரும் தப்பாகச் செய்வதும் இதுதான். மல்லாந்து படுத்துக் காலை நீட்டி, குளியல் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கடியில் வையுங்கள். பாதத்தை உங்களை நோக்கி இழுங்கள். இப்போது முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது முட்டிச்சில்லு ஒரு நூல் அளவு தொடைப் பக்கமாக மேலேறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொடையின் உள்பக்கம், முட்டிக்குச் சற்று மேலே இருக்கிற தசைமேட்டில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்: வேகாத உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியானால் சரி. சில்லு அசையவில்லை, பிட்டம் மட்டும் இறுகி மேலே எழுகிறது என்றால் வேறு தசை வேலை செய்கிறது. ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணுங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை.

முதல் மூன்று நாள் எவ்வளவு முயன்றாலும் தசை கேட்காது. பயப்பட வேண்டாம். முட்டியில் நீர் கோத்திருந்தால் தொடை முன்தசைக்குப் போகும் உத்தரவை நரம்பு மண்டலமே பாதியில் நிறுத்திவைக்கும். அது பலவீனம் அல்ல, உடம்பின் தற்காப்பு. வீக்கம் வடிய வடியத் தசை விழித்துக்கொள்ளும். நல்ல காலை முதலில் இறுக்கிப் பார்த்துவிட்டு, அதே உணர்வோடு இந்தக் காலுக்கு வந்தால் சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாவது, வெறுமனே தொங்கவிட்டுக் கிடப்பது. அதே சுருட்டிய துண்டு குதிகாலுக்கடியில் இருக்க, முட்டிக்கடியில் எதுவும் இல்லாமல் அப்படியே விட்டுவிடுவது. காலின் எடையே முட்டியை நீட்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, பொறுக்கப் பொறுக்கப் பதினைந்து நிமிடம் வரை. ஒரு நாளைக்கு மூன்று முறை. செல்போனை ஓரமாக வைத்துவிட்டுக் காலைப் பாருங்கள். பலருக்கும் கால் வெளிப்பக்கமாகச் சரிந்துவிடும், அப்போது முட்டி நீளாமல் ஏமாற்றும். கட்டைவிரல் விட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

நான்காவது, குதிகாலைத் தேய்த்து மடக்குவது. காலுக்கடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைப் போட்டு, காட்டன் சாக்ஸ் மாட்டிக்கொண்டால் மெத்தையில் வழுக்கிக்கொண்டு வரும். குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுத்து, இதற்கு மேல் முடியாது என்கிற இடத்தில் ஐந்து விநாடி நின்று, மெதுவாக முழுக்க நீட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை. இழுக்கும்போது அந்தப் பக்க இடுப்பு மேலே தூக்கினால் முட்டி மடங்கவில்லை, இடுப்பு மடங்குகிறது என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம்: நல்ல காலின் பாதத்தை ஆபரேஷன் காலின் கணுக்காலுக்கு முன்னால் போட்டு மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். தள்ளுவது உங்கள் காலாகவே இருக்கட்டும். எவ்வளவு தாங்கும் என்று அதற்குத்தான் தெரியும்.

ஐந்தாவது, நேர்க்கால் தூக்கல். நல்ல காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, இந்தக் காலை முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து விநாடி. தூக்கும்போது முட்டி லேசாக மடங்கிக் குதிகால் பின்தங்கினால் இன்னும் அதற்குத் தயாரில்லை. தொடை இறுக்கத்துக்கே திரும்பிப் போங்கள். அவசரப்பட்டு மடங்கிய காலைத் தூக்கித் தூக்கி, இடுப்புத் தசைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு முட்டி தேறவில்லை என்று குறைப்படுகிறவர்கள் நிறைய.

வீக்கம்: அளவு கடந்ததை அது காட்டிக்கொடுக்கும்

பயிற்சி முடிந்ததும் ஐஸ். ஐஸ் கட்டிகளைக் கொஞ்சம் தண்ணீரோடு கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, மெல்லிய துணி சுற்றி, பதினைந்து முதல் இருபது நிமிடம். இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கைந்து முறை. சீக்கிரம் குளிரட்டும் என்று உப்பு போடாதீர்கள். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தோலைப் புண்ணாக்கும். சுகர் நோயாளிகளுக்குத் தோல் உணர்வு மந்தமாக இருக்கும், எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தோலைப் பாருங்கள். தையல் பிரிக்கும் வரை ஐஸ் தண்ணீர் கசிந்து காயக்கட்டு நனையக் கூடாது.

கிரேப் பேண்டேஜை முட்டியில் மட்டும் சுற்றினால் பாதம் வீங்கும். சுற்றுவதாக இருந்தால் விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும். ஒரு வாரத்தில் கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் கருநீலம் இறங்கி வரும். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி வடிவதுதான். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தானே மறையும்.

எவ்வளவு செய்வது என்பதற்கு ஒரே அளவுகோல்: மறுநாள் காலை. பயிற்சியின்போது வலிக்கத்தான் செய்யும். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் சரி. மறுநாள் காலையில் முட்டி முந்தின நாளைவிடப் பெரிதாகவும் சூடாகவும் இருந்தால் அன்று பாதி அளவு செய்யுங்கள், நடையையும் குறையுங்கள். முழுக்க நிறுத்திவிட வேண்டாம். "நேத்து நல்லா இருந்துச்சேன்னு தெரு முனை வரைக்கும் நடந்துட்டேன்" என்கிற நாளுக்கு அடுத்த நாள்தான் வீக்கம் ஏறுவது.

எண்ணெய் தேய்த்து நீவுவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காயம் முழுக்க ஆறும் வரை எண்ணெய், தைலம், பற்று எதுவும் கூடாது. கெண்டைக்காலை அழுத்தி நீவுவது அதைவிட ஆபத்து: உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நீவும் கையே அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக் கூடும். உறவினர் ஒருவர் காலைப் பிடித்து "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று வெடுக்கென்று மடக்குவதும் இதே ரகம். ஒரு நாள் கூடுதலாக மடங்கும். அதற்குப் பதிலாக நான்கு நாள் வீங்கும்.

வாக்கரும் கைத்தடியும்

ஆபரேஷன் ஆன அன்றைக்கோ மறுநாளோ வார்டிலேயே நடக்க வைத்துவிடுவார்கள். வீட்டில் வாக்கரின் உயரத்தைச் சரிபாருங்கள். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எந்த உயரத்தில் தந்தார்களோ அதே உயரத்தில் கூன் போட்டபடி மாதக்கணக்கில் நடக்கிறவர்கள் உண்டு.

வரிசை இப்படி: வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். நல்ல கால் ஆபரேஷன் காலைத் தாண்டிப் போக வேண்டும். பக்கத்தில் வந்து நின்றுகொண்டால் அது நடை ஆகாது. ஆபரேஷன் கால் தரையில் படும்போது முதலில் குதிகால், பிறகு பாதம், கடைசியில் விரல். பயத்தில் எல்லோரும் முட்டியை மடக்கி விரல் நுனியில் ஊன்றுவார்கள். நீட்டம் பறிபோவதற்குத் தலையணைக்கு அடுத்த காரணம் இதுதான். நின்றுகொண்டிருக்கும்போது வாக்கரைப் பிடித்தபடியே இந்தத் தொடையை இறுக்கி முட்டியைப் பின்னால் தள்ளிப் பழகுங்கள். சாமி கும்பிடும்போதும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம்.

முதல் வாரம் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும். ஒரே மூச்சில் அரை மணி நடப்பதைவிட இது நல்லது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலானவர்கள் கைத்தடிக்கு மாறிவிடுவார்கள்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? நல்ல கால் பக்கத்துக் கையில். வலதுகால் ஆபரேஷன் என்றால் இடது கையில். கேட்டால் தலையாட்டுவார்கள், நடந்தால் ஆபரேஷன் கால் பக்கமே பிடித்திருப்பார்கள். நாம் நடக்கும்போது வலதுகாலோடு இடது கைதான் வீசும். தடி அந்தக் கையில் இருந்தால் ஆபரேஷன் கால் ஊன்றும் அதே நொடியில் எதிர்ப்பக்கம் ஒரு தூண் கிடைக்கும், உடம்பு சாயாது. தடியும் ஆபரேஷன் காலும் ஒன்றாகப் போகட்டும், நல்ல கால் பின்தொடரட்டும். நொண்டல் இருக்கும் வரை தடியை விடாதீர்கள். கல்யாணத்துக்குத் தடியோடு போக வெட்கப்பட்டு, தடியில்லாமல் நொண்டிப் போய், அந்த நொண்டலையே பழக்கமாக்கிக்கொள்வது மோசமான வியாபாரம்.

படிக்கட்டில் நல்ல கால் மேலே, ஆபரேஷன் கால் கீழே. ஏறும்போது நல்ல கால் முதலில் ஏறி உடம்பைத் தூக்கும். இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில் இறங்க, நல்ல கால் மேலே நின்று மெதுவாக இறக்கிவிடும். ஒரு கை எப்போதும் பிடிச்சுவரில். துணைக்கு வருகிறவர் எப்போதும் கீழ்ப்படிப் பக்கம் நிற்க வேண்டும். ஆறு வாரம் வரை ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துத்தான் போக வேண்டியிருக்கும்.

ஆட்டோவில் ஏறுவது தனிக் கலை. பின்பக்கமாகத் திரும்பி, இருக்கை தொடையில் தட்டும் வரை பின்னால் போய், ஆபரேஷன் காலை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்து, பின்னால் நகர்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுங்கள். காலை முதலில் உள்ளே வைத்து ஏற முயன்றால் முட்டி முறுக்கிக்கொள்ளும்.

வீட்டிலேயே அளப்பது

கோணமானி வேண்டாம். தரை போலக் கெட்டியான கட்டிலில் காலை நீட்டிப் படுத்துத் தொடையை இறுக்குங்கள். முட்டியின் பின்மடிப்புக்கும் கட்டிலுக்கும் இடையே மற்றவர் கைவிரல்களை நுழைத்துப் பார்க்கட்டும். எத்தனை விரல் உயரம் போகிறது என்று வாரம் ஒருமுறை, அதே கட்டிலில், அதே ஆள் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். நல்ல காலையும் அளந்து வையுங்கள், அதுதான் இலக்கு.

மடக்கத்துக்கு நாற்காலியில் முதுகு ஒட்ட உட்கார்ந்து, பாதம் தரையில் முழுக்கப் படிந்திருக்க, எவ்வளவு பின்னால் இழுக்க முடிகிறதோ அங்கே கட்டைவிரல் நுனியில் சாக்பீஸ் கோடு. கணுக்கால் முட்டிக்கு நேர் கீழே இருந்தால் ஏறக்குறைய 90. கோடு வாராவாரம் பின்னால் நகர வேண்டும். இரண்டாம் வாரம் 90-ஐ நெருங்கி, ஆறாம் வாரம் 110, மூன்றாம் மாதம் 115, 120 என்பது நல்ல போக்கு. ஆபரேஷனுக்கு முன்பே முட்டி எவ்வளவு மடங்கியதோ அதையொட்டித்தான் பின்பும் வரும் என்பதால் எதிர்வீட்டுக்காரரின் கணக்கை விட்டுவிடுங்கள்.

ஆறாம் வாரத்திலும் 90 எட்டவில்லை, அல்லது மூன்று வாரமாக விரல் கணக்கு குறையவே இல்லை என்றால் அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடும் சிகிச்சை இருக்கிறது. அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். ஒட்டுத்திசு முற்றிவிட்டால் எளிதாக இளகாது.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை

தையல் அல்லது ஸ்டேப்ளரை 12 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதன் பிறகு வேலை தசைக்கு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் போல ஒரு பயிற்சி கிடையாது. இருக்கையின் முன் விளிம்புக்கு வந்து, இரண்டு பாதத்தையும் சமமாக வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி முன்னால் குனிந்து எழுங்கள். ஆபரேஷன் காலை முன்னால் தள்ளிவைத்து நல்ல காலிலேயே எழுவது எல்லோரும் செய்யும் திருட்டுத்தனம். குளியலறைத் தராசு இரண்டு இருந்தால் காலுக்கு ஒன்றாக வைத்து நின்று பாருங்கள், எவ்வளவு ஏமாற்றுகிறீர்கள் என்பது கிலோவில் தெரியும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கைக்கு இறங்குங்கள். இறங்குவதுதான் தொடைக்கு அதிக வேலை. பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே போர்வை மடித்துப் போட்டு, வாரம் ஒரு மடிப்பாக எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி விரலில் நிற்பது, பக்கவாட்டில் காலைத் தூக்குவது, நான்கு அங்குலப் பலகையில் ஏறி இறங்குவது ஆகியவை இதோடு சேரும். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் வீட்டில் இருந்தால் இருக்கையை உயரமாக வைத்து, முதலில் முழுச் சுற்று வராவிட்டால் முன்னும் பின்னும் அரைச் சுற்றாக ஆட்டுங்கள். முழுச் சுற்றுக்கு 105, 110 டிகிரி வேண்டும்.

பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிட்டு ரசமும் இட்லியும் மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தசை கட்ட வேண்டிய நேரத்தில் கட்டுமானப் பொருளையே நிறுத்துவது அது. சிறுநீரகத்துக்காக டாக்டர் தடுத்திருந்தால் ஒழிய, ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும்.

எது இயல்பு, எதற்கு ஓட வேண்டும்

தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கும்; வெட்டும் இடத்தில் ஒரு சின்னத் தோல் நரம்பு துண்டாவதால் வருவது. சுருங்கும், முழுக்கப் போகாமலும் இருக்கலாம். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் ஒலி அது. முட்டி மற்றதைவிடச் சூடாக மாதக்கணக்கில் இருக்கும். இரவுத் தூக்கம் ஆறு வாரம் வரை கெடுவதும் வழக்கம்தான்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் 108. காயத்திலிருந்து மறுபடி நீரோ சீழோ கசிவது, சிவப்பு பரவுவது, குளிர் காய்ச்சல் ஆகியவற்றுக்கு உள்ளூரில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்க்காமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள்; பாதி மருந்து போட்டால் கிருமியைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். விழுந்த பிறகு காலை நேராகத் தூக்கவே முடியவில்லை என்றால் முட்டிச்சில்லுத் தசைநார் அறுந்திருக்கலாம், அன்றே போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை, சொன்ன நாள் வரை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டி மூட்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்த பிறகு உள்ளே வைக்கும் பொருளின் விலை நன்றாகவே இறங்கியது. ஆனால் ஆபரேஷனுக்கு லட்சங்களை எடுத்துவைக்கும் குடும்பம் பிசியோவுக்கு ஒரு பைசா ஒதுக்குவதில்லை. தினமும் ஆள் வர வேண்டியதில்லை. முதல் வாரம் மூன்று முறை, பிறகு ஆறு வாரம் வரை வாரம் ஒருமுறை வந்து அளந்து, தப்பைத் திருத்திப் போனாலே பலருக்குப் போதும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. கரன்ட் வைத்து, ஹீட் வைத்துவிட்டுப் போகிறவரைவிட, உங்களை எழுப்பி நடக்க வைத்துப் பார்க்கிறவரைத் தேடுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

சம்மணம் போட 130 டிகிரிக்கு மேல் மடங்குவதோடு முட்டி திரும்பவும் வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் குந்த இன்னும் அதிகம். சில வகை மூட்டில், சில உடம்பில் இது சாத்தியப்படும், ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். தொழுகையும் பூஜையும் நாற்காலியில். டூ வீலரை ஆறேழு வாரத்துக்குப் பிறகு, டாக்டர் சொன்ன பின்பு, முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே திடீர் பிரேக் பிடிக்கவும், வண்டியின் எடையை அந்தக் காலில் தாங்கவும் முடிகிறதா என்று பார்த்து எடுங்கள்.

தரையில் உட்கார வேண்டாம் என்றாலும், தரையிலிருந்து எழத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் விழுந்தால் உதவும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, பிசியோ முன்னால் ஒருமுறையாவது பழகுங்கள். பக்கவாட்டில் புரண்டு, புது முட்டிக்கடியில் தலையணை வைத்து, கைகளையும் முட்டிகளையும் ஊன்றிக் கெட்டியான நாற்காலி வரை நகருங்கள். இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, நல்ல காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து பதியுங்கள். கையையும் அந்தக் காலையும் ஒருசேர அழுத்தி எழுந்து, அப்படியே திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். முட்டி போட முடியாதவர்கள் பிட்டத்தாலேயே பின்னால் நகர்ந்து படிக்கட்டுக்கோ தாழ்வான முக்காலிக்கோ போய், கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக உடம்பை ஏற்றி, நாற்காலி உயரத்துக்கு வந்ததும் நிற்கலாம்.